கழுத்திலிருந்து கீழே பின்னும் கம்பளி ஸ்வெட்டர்: எங்கே கோணல், எங்கே திருத்தம்

"கையைத் தூக்கினா வயிறு தெரியுதும்மா" என்றார் அப்பா. நான் அவருக்குப் பின்னிய முதல் ஸ்வெட்டர் அது. நீளம் போதவில்லை என்று நினைத்து, அடி பார்டரைப் பிரித்து, இன்னும் 5 செ.மீ. பின்னிச் சேர்த்தேன். மறுபடி போட்டுக்கொண்டு, அலமாரியின் மேல் தட்டில் இருந்த டப்பாவை எடுக்கக் கை தூக்கினார். மறுபடி வயிறு தெரிந்தது. குறை அடியில் இல்லை, அக்குளில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது.

தையலே இல்லாமல் கழுத்தில் தொடங்கி இடுப்பில் முடிக்கும் ஸ்வெட்டரில் பெரும்பாலும் இப்படித்தான். தொல்லை கண்ணில் படும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் அதற்கு மேலே எங்கோ இருக்கும். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் ஸ்வெட்டர் எப்படித் தொல்லை தருகிறதோ அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். ஆனால் முதலில் கணக்கு ஒன்றைப் பார்த்துவிடுவோம். கீழே பல இடங்களில் அது வரும்.

அப்பாவின் மார்பளவு 92 செ.மீ. தளர்வுக்கு 8 சேர்த்தால் ஸ்வெட்டர் 100 செ.மீ. வர வேண்டும். 4.5 மி.மீ. வட்ட ஊசி, அதாவது வளையும் கேபிள் ஒன்றால் இணைத்த இரண்டு ஊசி முனைகள். டென்ஷன், அதாவது குறிப்பிட்ட அளவுத் துணியில் எத்தனை கண்ணி (ஊசியில் நிற்கும் வளையம்), எத்தனை சுற்று வருகிறது என்பது, 10 செ.மீ.க்கு 20 கண்ணி, 28 சுற்று. கழுத்தில் 88 கண்ணி போட வேண்டும்: முன்பக்கம் 32, பின்பக்கம் 32, கைக்கு 12, 12. இந்த நான்கு பகுதிகளும் சந்திக்கும் நான்கு இடங்களில்தான் ரேக்லன் கோடு வரும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு கண்ணி, ஆக மொத்தம் 8 கண்ணி கூடும். இப்படி 30 தடவை கூட்டினால், அதாவது 60 சுற்றில், முன்னும் பின்னும் 92, கைகள் 72 ஆகும். அங்கே கைக் கண்ணிகளை வேறு நூலில் கோத்து நிறுத்திவிட்டு, இரண்டு அக்குளிலும் 8 கண்ணி புதிதாகப் போட்டு இணைத்தால் உடம்புக்கு 200 கண்ணி. கைக்கு 80. கழுத்திலிருந்து அக்குள் வரை உள்ள பகுதியை யோக் என்கிறேன்; தையல்காரர்கள் சொல்லும் அதே சொல்தான்.

ரேக்லன் என்பது ஓர் ஆங்கிலேயத் தளபதியின் பட்டப்பெயர். 1815இல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்தவர். கழுத்து வரை சாய்வாக ஏறும் இந்த உடைக் கை வடிவத்துக்கு அவர் பெயர்தான் நிலைத்தது.

முதல் சில சுற்றிலேயே பின்னல் முறுக்கிக்கொண்டு நிற்கிறது

கண்ணி போட்டு வட்டமாக இணைக்கும்போது கண்ணி வரிசை ஊசியைச் சுற்றி ஒரு தடவை திரும்பிவிட்டிருக்கும். ஒரு சுற்றுதான் முடிந்திருக்கிறது என்றால், சுற்று தொடங்கும் இடத்தில் அந்த முறுக்கைத் திருப்பிவிட்டுத் தொடரலாம். அங்கே ஒரு சின்ன நூல் புரட்டல் மட்டும் தெரியும். மூன்று நான்கு சுற்று ஆகிவிட்டால் வேறு வழியில்லை, பிரிக்க வேண்டும். நான் இப்போது முதல் இரண்டு வரிசையை வட்டமாக இணைக்காமல் நேராகவே பின்னிவிட்டு அப்புறம் இணைக்கிறேன். பட்டை அகலமாகிவிட்டால் முறுக்கு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். மிஞ்சும் சின்ன இடைவெளியைத் தொடக்க நூலாலேயே தைத்துவிடலாம்.

பேட்டர்ன் சொன்ன அதே ஊசிதான், ஆனால் எல்லாம் சின்னதாக வருகிறது

ஊசியின் எண்ணைப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்ணிட்ட ஊசிகள் இன்னும் கிடைக்கின்றன. அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க எண்ணில் கூடக் கூடத் தடிக்கும். பிரிட்டிஷ் 8 என்றால் 4 மி.மீ.; அமெரிக்க 8 என்றால் 5 மி.மீ. இரண்டும் ஒன்றாக இருப்பது 7இல் மட்டும், 4.5 மி.மீ. பேட்டர்ன் எந்த நாட்டுடையது என்று பார்ப்பதைவிட, மில்லிமீட்டரை மட்டும் நம்புவது நல்லது. ஊசியில் எண் அழிந்துபோயிருந்தால் ஊசி அளக்கும் துளைப்பலகை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி சரிதான், அப்படியும் அளவு தப்புகிறது என்றால் டென்ஷன்தான் காரணம். 20க்குப் பதில் உங்கள் கைக்கு 22 வருகிறது என்று வையுங்கள். இரண்டே கண்ணி. 200 கண்ணி உடம்பு 100 செ.மீ.க்குப் பதில் 91 செ.மீ.தான் வரும். 92 செ.மீ. மார்புக்கு 91 செ.மீ. ஸ்வெட்டர்! 18 வந்தால் 111 செ.மீ. ஆகும். மாதிரித் துண்டு பின்னத் தோன்றாத நாட்களில் இந்த மூன்று எண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரித் துண்டு பின்னியும் ஏமாந்தேன் என்பவர்களும் உண்டு. அவர்கள் அதை நேராக, ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று பின்னியிருப்பார்கள். பர்ல் வரிசை பலருக்குச் சற்றுத் தளர்வாக வரும். ஸ்வெட்டரோ வட்டமாக ஓடுவது, அதில் நிட் மட்டும்தான். ஆகவே மாதிரியும் அப்படியே இருக்க வேண்டும். வட்ட ஊசியில் ஒரு வரிசை பின்னி, திருப்பாமல் ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்னால் தாராளமாகத் தொங்கவிட்டு மறுபடி நிட். 15 செ.மீ. சதுரம் வரட்டும். கழுவிக் காயவைத்த பிறகு, ஓரங்களை விட்டு நடுவில் 10 செ.மீ. அளவெடுங்கள். கண்ணியை மட்டும் எண்ணி நிறுத்திவிடாதீர்கள், சுற்றையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஏன் என்று அக்குள் பகுதியில் தெரியும்.

தலை நுழையவில்லை

பெரியவர்களின் தலைச்சுற்றளவு பெரும்பாலும் 55 செ.மீ.யை ஒட்டி இருக்கும். 88 கண்ணிக் கழுத்து தளர்ந்த நிலையில் 44 செ.மீ.தான். பின்னல் துணி அந்த 11 செ.மீ.க்கு எளிதாக நீளும். நீளாதது முதலில் போட்ட கண்ணி ஓரம். கண்ணி போட மட்டும் ஒரு சைஸ் பெரிய ஊசியை எடுங்கள். கண்ணிகளுக்கு நடுவே இடம் விட்டும் போடுங்கள்.

ஏற்கெனவே பின்னி முடித்துவிட்டீர்களா? ஸ்வெட்டரைப் பிரிக்கத் தேவையில்லை. கண்ணி போட்ட ஓரத்துக்கு ஒரு சுற்று கீழே உள்ள கண்ணிகளை எல்லாம் மெல்லிய வட்ட ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சுற்றில் ஒரே ஒரு கண்ணியைக் கத்தரித்து, அந்தச் சுற்றின் நூலைக் கண்ணி கண்ணியாக உருவி எடுங்கள். இறுக்கமான ஓரம் தனியாகக் கழன்று வரும். இந்த முனையிலிருந்து நூல் ஓட்டமாகப் பிரியாது, பொறுமை வேண்டும். ஒரு மாலை நேரம் போகும். அப்புறம் ஊசியில் இருக்கும் கண்ணிகளில் மேல்நோக்கி பார்டர் பின்னி, தளர்வாக மூடுங்கள். கண்ணிகள் அரைக் கண்ணி நகர்ந்து நிற்கும். பார்டரில் அது தெரியாது.

இந்த வேலையை ஒரு தடவை செய்தபின் நான் முறையையே மாற்றிக்கொண்டேன். கழுத்து பார்டரை முதலில் பின்னுவதில்லை. யோக்கை நேரடியாகத் தொடங்கி, எல்லாம் முடிந்தபின் கழுத்தோரத்தில் கண்ணி எடுத்து பார்டர் போடுகிறேன். தலைக்குப் போட்டுப் பார்த்து இறுக்கம், உயரம் எல்லாம் முடிவு செய்யலாம். கம்பளியின் எடையில் தோள் தொங்காமல் அந்த எடுத்த ஓரம் தாங்கவும் செய்யும்.

கழுத்து அகன்று தோளில் வழிகிறது என்றாலும் மருந்து இதேதான். 3.75 மி.மீ. ஊசியில், எட்டுக்கு ஒன்று குறைவாகக் கண்ணி எடுத்து பார்டர் போடுங்கள். அதுவும் போதாவிட்டால் பின் கழுத்தின் உட்புறத்தில் தோளிலிருந்து தோள் வரை குரோஷா ஊசியால் ஒரு சங்கிலி ஓட்டுங்கள். அதற்கு மேல் விரியாது.

முன்கழுத்து தொண்டையை அழுத்துகிறது, ஸ்வெட்டர் பின்னால் சரிகிறது

போட்டவர் அடிக்கடி முன்பக்கத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பார். நம் கழுத்து முன்னால் தாழ்ந்தும் பின்னால் உயர்ந்தும் இருக்கிறது. ஸ்வெட்டரோ இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறது. பின்பக்கம் ஏறக்குறைய 5 செ.மீ. உயர்ந்தால் சரியாக உட்காரும். அதற்குத்தான் பாதியில் திரும்பும் வரிசைகள்: பின்கழுத்தையும் தோளையும் மட்டும் பின்னி, முன்பக்கத்துக்கு வராமல் திரும்பிவிடுவது. ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு கண்ணி தாண்டித் திரும்பினால் சாய்வு இதமாக வரும். இந்த வரிசைகளிலும் ரேக்லன் கூட்டலைத் தவறவிடக் கூடாது. பேட்டர்னில் இது இல்லாவிட்டாலும் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

முடிந்த ஸ்வெட்டரில் என்றால், கழுத்து பார்டரை மட்டும் பிரித்து, மறுபடி கண்ணி எடுத்து, பார்டர் தொடங்கும் முன் பின்பக்கத்தில் இப்படி ஆறு வரிசை கூட்டுங்கள். 2 செ.மீ. கிடைக்கும். முழுத் தீர்வு இல்லைதான், ஆனால் தொண்டை விடுதலையாகும்.

ரேக்லன் கோட்டில் ஓட்டைகள். ஒரு பக்கம் மட்டும் கோணல்

ஓட்டை என்றால், கூட்டிய கண்ணி முறுக்கப்படவில்லை. இரண்டு கண்ணிக்கு நடுவில் இருக்கும் குறுக்கு நூலைத் தூக்கிக் கண்ணி கூட்டுகிறோம் அல்லவா, அதை முன்னாலிருந்து ஊசியில் ஏற்றினால் பின்காலில், அதாவது வளையத்தின் பின்பக்க நூலில், நிட் செய்ய வேண்டும். பின்னாலிருந்து ஏற்றினால் முன்காலில். முதலாவது இடப்பக்கம் சாயும், இரண்டாவது வலப்பக்கம். கோட்டுக்கு முன்னால் வலச்சாய்வு, கோட்டைத் தாண்டியதும் இடச்சாய்வு என்று ஜோடி சேர்த்தால் கோடு அழகாக நிற்கும். நூலைத் தூக்கும்போது விரலுக்கு இறுக்கமாகத் தெரிந்தால் அதுதான் சரி. இழுக்காமல் சுலபமாகப் பின்ன வந்தால் ஓட்டை விழப்போகிறது என்று அர்த்தம்.

பழைய சுற்றில் விழுந்த ஓட்டைக்குப் பிரிக்க வேண்டாம். கடைசியில் அதே நூலின் துண்டால் உட்புறத்தில் அந்தக் கண்ணியின் அடியை ஒரு தடவை சுற்றி இழுத்தால் மூடிக்கொள்ளும்.

கோணலுக்கு எண்ணிக்கை பாருங்கள். முன்னும் பின்னும் சமமா, இரண்டு கையும் சமமா? ஏதாவது ஒரு பகுதியில் ஒன்று குறைந்தால் ஒரு கூட்டல் விட்டுப்போயிருக்கிறது. அடுத்த சுற்றிலேயே அந்த இடத்தில் ஒன்று கூட்டிவிடுங்கள், யாருக்கும் தெரியாது. ஐந்தாறு குறைந்தால், ஒரே இடத்தில் மார்க்கர் (ரேக்லன் கோட்டைக் காட்ட ஊசியில் மாட்டும் வளையம்) இடம் மாறியிருக்கும். நூல் சுற்றிக் கூட்டும் முறையில் மார்க்கர் அந்தச் சுற்றலுக்கு அடியில் நழுவிப் பக்கத்துப் பகுதிக்குப் போய்விடும்; அப்படியென்றால் ஒரு பகுதியில் குறைந்தது பக்கத்தில் கூடியிருக்கும், மொத்தம் சரியாகவே இருக்கும். ஆகவே மொத்தத்தை மட்டும் எண்ணாதீர்கள். நான் பத்து சுற்றுக்கு ஒரு தடவை நான்கு பகுதியையும் தனித்தனியாக எண்ணி ஒரு தாளில் எழுதுகிறேன். எண்ணிக்கை சரியாக இருக்கும் சுற்றில் மெல்லிய பருத்தி நூல் ஒன்றை எல்லாக் கண்ணிகளிலும் கோத்துவிட்டால், பின்னால் எவ்வளவு பிரித்தாலும் அந்த நூலில் வந்து நிற்கும்.

கையைத் தூக்கினால் ஸ்வெட்டர் முழுவதும் மேலே ஏறுகிறது

அப்பாவின் ஸ்வெட்டருக்கு வருவோம். கண்ணி டென்ஷன் எனக்குச் சரியாக 20 இருந்தது. சுற்று டென்ஷனை நான் எண்ணவே இல்லை. பேட்டர்னில் 28, என் கைக்கு 24. 60 சுற்று என்பது 21.4 செ.மீ. ஆவதற்குப் பதில் 25 செ.மீ. ஆனது. அகலம் சரி, ஆனால் அக்குள் இருக்க வேண்டிய இடத்துக்கு ஏறக்குறைய 4 செ.மீ. கீழே இறங்கிவிட்டது. அக்குள் தாழ்ந்தால் கை தூக்கும்போது கைத்துணி உடம்புத் துணியைப் பிடித்து இழுக்கும். பக்கவாட்டில் துணி வௌவால் இறக்கை மாதிரி விரியும், அடி பார்டர் ஏறும். நீளம் கூட்டினாலும் அதே அளவுக்கு ஏறும். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நான் 5 செ.மீ. பின்னிச் சேர்த்தேன்.

எதிர்த்திசையும் உண்டு. சுற்று டென்ஷன் 32 என்றால் யோக் 18.75 செ.மீ.யில் முடிந்துவிடும். அக்குள் வெட்டும், முன்னால் ரேக்லன் கோட்டை ஒட்டிக் குறுக்குச் சுருக்கங்கள் விழும், போட்டவர் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பார்.

இரண்டுக்கும் திருத்தம் ஒன்றே: கூட்டும் சுற்றுகளை மாற்றாதீர்கள், நடுவில் வரும் வெறும் சுற்றுகளை மாற்றுங்கள். கணக்கு இப்படி. எனக்கு வேண்டியது 21.4 செ.மீ. ஆழம். 10 செ.மீ.க்கு 24 சுற்று என்றால் 51 சுற்று. அதில் கூட்டும் சுற்று 30 இருந்தே ஆக வேண்டும், ஆகவே வெறும் சுற்றுக்கு 21தான் இடம். பேட்டர்னில் 30 வெறும் சுற்று. அப்போது 9 வெறும் சுற்றை விட்டுவிட வேண்டும். அந்த ஒன்பது இடங்களில் அடுத்தடுத்த சுற்றில் கூட்டல் வரும். அவற்றை ஒரே இடத்தில் குவிக்காமல் யோக் முழுவதும் பரப்பினால் கோடு வளையாது. 32 சுற்று வருபவர்களுக்கு 68 சுற்று தேவை, ஆகவே எட்டு வெறும் சுற்றை அங்கங்கே சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் யோக்கில் இருக்கும்போதே தெரிய வேண்டும் என்றால் போட்டுப் பார்க்க வேண்டும். ஊசியோடு போட்டுப் பார்ப்பதில் ஏமாற்றம் இருக்கிறது. 328 கண்ணியும் 80 செ.மீ. கேபிளில் நெருங்கி நிற்கும். தோளைச் சுற்றி அது விரியாது, ஆழமும் பொய்யாகத் தெரியும். எல்லாக் கண்ணியையும் ஒரு நீளமான வழுக்கும் நூலில் மாற்றி, நூலின் இரு முனையையும் தளர விட்டு, அப்புறம் போடுங்கள். அக்குளில் இருபுறமும் ஓரங்களை ஊக்கால் சேர்த்துப் பிடியுங்கள். உடலின் அக்குளுக்கு 2, 3 செ.மீ. கீழே நின்றால் நல்லது. சந்தேகம் வந்தால் கொஞ்சம் உயரமாகவே விடுங்கள். உடம்பு முழுவதும் பின்னிய பிறகு கம்பளியின் எடை யோக்கைச் சற்று இழுத்துத் தாழ்த்தும்.

முடிந்துவிட்ட ஸ்வெட்டரில்? ஈரத்தில் அகலவாக்கில் இழுத்துப் பரப்பிக் காயவைத்தால் ஆழம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 4 செ.மீ. பிழைக்குப் பிரிப்பதுதான் மரியாதை.

மேல்கை பலூன் மாதிரி நிற்கிறது

இது பல பேட்டர்ன்களில் பிறவிக் குறை. ரேக்லனில் முன், பின், கை மூன்றும் ஒரே வேகத்தில் கூடுகின்றன. நம் மார்பும் கையும் அப்படி ஒரே வேகத்தில் பெருப்பதில்லை. மார்புக்கு 200 கண்ணி வரும்வரை கூட்டினால் கைக்கு 80 கண்ணி, அதாவது 40 செ.மீ. வந்துவிடுகிறது. அப்பாவின் மேல்கை 29 செ.மீ.

கடைசி ஐந்து கூட்டும் சுற்றுகளில் கைப் பக்கம் கூட்டுவதை நிறுத்தி, முன்னுக்கும் பின்னுக்கும் மட்டும் கூட்டுங்கள். கை 62 கண்ணியில் நிற்கும். அக்குளின் 8 சேர்ந்தால் 70, அதாவது 35 செ.மீ. உடம்பின் 200 அப்படியே இருக்கும். கை பருமனானவர்களுக்கு இதைத் தலைகீழாகச் செய்யலாம். அளவெடுக்கும்போது மார்பை மட்டும் எடுத்துவிட்டு மேல்கையை மறந்துவிடுகிறோம். டேப் கையில் இருக்கும்போதே அதையும் எடுத்துவிடுங்கள்.

அக்குளின் இரண்டு மூலையிலும் ஓட்டை

எல்லோருக்கும் வரும். நிறுத்திவைத்த கைக் கண்ணியும் புதிதாகப் போட்ட அக்குள் கண்ணியும் சந்திக்கும் இடத்தில் நூல் தளர்ந்து நிற்கிறது. கைக்குக் கண்ணி எடுக்கும்போது அக்குளில் 8 மட்டும் எடுக்காமல், மூலைக்கு ஒன்றாக 10 எடுங்கள். அந்த மூலைக் கண்ணியைப் பெரிய ஓட்டையிலிருந்து எடுக்காமல், பக்கத்தில் இறுக்கமாக இருக்கும் காலில் ஊசி விட்டு எடுங்கள். அடுத்த சுற்றில் அந்தக் கூடுதல் இரண்டையும் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிக் குறைத்துவிடுங்கள். நூலை அங்கே ஒரு சாண் நீளம் விட்டுத் தொடங்குங்கள். மிஞ்சும் சிறு இடைவெளியைக் கடைசியில் அதனாலேயே மூடலாம்.

கையில் ஏணி மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. கைத்துணி உடம்பைவிடக் கெட்டியாக இருக்கிறது

கை சிறிய வட்டம் என்பதால் அதை இருபுறமும் முனையுள்ள சில குட்டை ஊசிகளில் பிரித்துப் பின்னுவோம். ஏணிக் கோடு ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்குத் தாவும் இடத்தில் வருகிறது. பலர் அந்த முதல் கண்ணியை இழுத்து இறுக்குவார்கள். இரண்டாவது கண்ணியைப் பின்னும்போது இழுத்தால்தான் முதல் கண்ணி இறுகும். அதுவும் போதாவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கண்ணியை அடுத்த ஊசிக்கு நகர்த்திக்கொண்டே போனால் தாவும் இடம் சுற்றி நகரும், கோடு விழாது. லேசான கோடு முதல் கழுவலில் தானாகக் கலைந்துவிடும்.

சிறிய வட்டத்தில் பலருக்குக் கை இறுகும். உடம்புக்கு 4.5 என்றால் கைக்கு 4.75 அல்லது 5 மி.மீ. எடுத்து 5 செ.மீ. பின்னி எண்ணிப் பாருங்கள்.

திடீரென்று நிறம் மாறிப் பட்டை தெரிகிறது

ஒரே நிறம், ஒரே கடை, ஆனால் சாயத்தொட்டி வேறு. உருண்டையின் தாளில் அந்த எண் இருக்கும். வாங்கும்போதே எல்லாம் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். கையில் இருப்பது வேறு வேறு தொட்டி நூல் என்றால், இரண்டு உருண்டையையும் வைத்துக்கொண்டு இரண்டு சுற்று அதில், இரண்டு சுற்று இதில் என்று பின்னுங்கள். கையால் சாயம் போட்ட நூலுக்கு எப்போதும் இப்படித்தான் செய்ய வேண்டும். கையும் உடம்பும் வேறு சுற்றளவு என்பதால் ஒரே நூலே இரண்டிலும் வேறு மாதிரி பட்டை போடும்.

அடி பார்டர் குடை மாதிரி விரிகிறது, அல்லது இடுப்பைப் பிடிக்கிறது

விரிந்தால் பார்டருக்கு ஊசி பெரிது. இரண்டு சைஸ் குறையுங்கள். பிடித்தால் கண்ணி மூடியது இறுக்கம். மூடும் சுற்றை மட்டும் பிரித்து, பெரிய ஊசியில் மூடுங்கள். நிட் மட்டுமே ஓடிய துணி அடியில் சுருளுவது அதன் இயல்பு. பார்டர் 5 செ.மீ. இருந்தால் அடங்கும்.

நூல் போதாது போலிருக்கிறது

இந்த அளவுக்கு 1000 முதல் 1100 மீட்டர் வேண்டும். 100 கிராமில் 200 மீட்டர் ஓடும் நூலானால் ஆறு உருண்டை வாங்கினால் கவலையில்லை. சந்தேகம் வந்தால், யோக் முடிந்து கையும் உடம்பும் பிரிந்ததும் உடம்பைத் தொடராதீர்கள், முதலில் இரண்டு கையையும் முடியுங்கள். கை நீளம் குறைந்தால் குளிர் காலத்தில் மணிக்கட்டு நோகும்; உடம்பு 3 செ.மீ. குறைந்தால் ஒன்றும் ஆகாது.

கழுவிய பிறகுதான் எல்லாத் தொல்லையும்

கழுவியதும் ஒரு சாண் நீண்டுவிட்டதா? நூலின் தாளில் சூப்பர்வாஷ் என்று இருக்கும். கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு, மீனுக்கு இருப்பது மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக. அவைதான் இழையை இழையோடு பிடித்துவைக்கின்றன. மெஷினில் கழுவலாம் என்பதற்காகச் சூப்பர்வாஷில் அந்தச் செதில்களை மழுக்கி, மேலே ஒரு பூச்சும் போடுகிறார்கள். பிடிப்பு போய்விட்டதால் ஈரத்தில் துணி வழிந்து நீளும். இதற்குத் தொங்கப்போடாமல், துண்டில் சுருட்டி மிதித்து நீரை எடுத்து, தரையில் அளவுக்குத் தள்ளிப் பரப்பிக் காயவைக்க வேண்டும். மாதிரித் துண்டைக் கழுவச் சொன்னது இதனால்தான்.

சாதாரணக் கம்பளி சுருங்கித் தடித்துக் கட்டையாகிவிட்டால், செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டன. வெந்நீர், சோப்பு, தேய்ப்பு மூன்றும் சேர்ந்த வேலை அது. இதற்குத் திரும்பும் வழி இல்லை. கண்டிஷனரில் ஊறவைத்து இழுத்தால் ஓரளவு தளரும், பழைய நிலைக்கு வராது. குளிர்ந்த நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, அமுக்கி எடுத்தாலே அழுக்குப் போய்விடும்.

கழுவிப் பரப்பிக் காயவைத்தும் கண்ணிகள் சமப்படவில்லை, கோணல் அப்படியே நிற்கிறது என்றால், அது கம்பளியாகவே இல்லாமல் இருக்கலாம். நம் கடைகளில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்கைத்தான் எடுத்துத் தருகிறார்கள். ஒரு துண்டு நூலைப் பாத்திரத்தின் மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். அக்ரிலிக் தவறில்லை, ஆனால் நீர் அதன் கோணலைச் சரிசெய்யாது.

குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்வெட்டர் காய மூன்று நாள் ஆகும். கீழே காற்று போகும்படி வலைத்தட்டில் பரப்பி, தினமும் திருப்பிப் போடுங்கள். இல்லாவிட்டால் வாடை பிடிக்கும்.

குத்துகிறது

30 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) மேல் தடித்த இழைகள் நூறில் ஐந்துக்கு மேல் இருந்தால் தோல் அதை உணரும். மெல்லிய இழை வளைந்து கொடுக்கும், தடித்தது வளையாமல் குத்தும். பின்னி முடித்தபின் இதைப் பெரிதாக மாற்ற முடியாது. ஆகவே வாங்கும் முன் உருண்டையைக் கழுத்தில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். உள்ளங்கை தடித்தது, அது பொய் சொல்லும். எங்கள் மலையின் நீலகிரி ஆட்டுக்குக் கம்பளி நல்லதுதான். 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து உருவானது, ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் அதற்கென ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அந்த ஆடு இன்று அருகிவிட்டது என்பதில் எனக்கு மிகவும் வருத்தம்.

பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கிறது

அப்படியே பின்னினால் கண்ணி ஏறுமாறாக வரும், டென்ஷனும் மாறும். நாற்காலியின் முதுகில் பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவைத்து, பிழியாமல் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் சுருள் போய்விடும். அப்பாவின் ஸ்வெட்டரை அந்த நூலிலேயே, 51 சுற்று யோக்கில், 70 கண்ணிக் கையோடு மறுபடி பின்னினேன். கை மெலிந்ததால் அரை உருண்டை மீந்தது. ஸ்வெட்டர் கழுவும்போதெல்லாம் அந்த அரை உருண்டையையும் கூடவே கழுவுகிறேன். முழங்கை தேய்ந்து ஒட்டுப்போடும் நாளில் நிறம் ஒன்றாக இருக்க வேண்டும்.